ஆயா ஆசீர்வாதம் பண்ணினால் போன் கட்டாகிவிடுகிறது

மாசி பிறந்துவிட்டால் தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் புளிதான். ஆயா காலை நீட்டி உட்கார்ந்து, முன்னால் ஒரு கல்லை வைத்துக்கொண்டு, சின்ன இரும்புத் தடியால் தட்டித் தட்டிக் கொட்டையைத் தள்ளுவார். இந்தப் பக்கம் ஓடு, அந்தப் பக்கம் நார், நடுவில் முறத்தில் புளி. மதியத்துக்குள் பத்து விரலும் கறுப்புப் பிசினாக ஆகியிருக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து துபாயிலிருந்து அக்கா வீடியோ காலில் வருவாள்.

ஆயா முதலில் முந்தானையில் கையைத் துடைப்பார். புளி போகாது. அப்புறம் மணிக்கட்டின் பின்பக்கத்தால் போனை இழுத்துப் பார்ப்பார், முழங்கையால் ஒரு தேய்ப்பு தேய்ப்பார், கடைசியில் "யாராச்சும் வந்து இதை அமுத்துங்களேன்" என்று சத்தம் போடுவார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மணி நின்றிருக்கும். கையைக் கழுவிக்கொண்டு வந்தால் மட்டும் நடக்கிறதா என்றால் அதுவும் பாதி நாள் இல்லை. மின்சாரம் கடத்தும் ஈரமான விரல் ஸ்கிரீனின் மின்புலத்தில் உண்டாக்கும் சின்ன மாற்றத்தை வைத்துத்தான் டச் ஸ்கிரீன் விரலைக் கண்டுபிடிக்கிறது. அறுபது வருஷம் களை பிடுங்கிக் காய்த்துப்போன விரல் அதன் கணக்கில் விரலே இல்லை. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போது நாலாவது தடவைதான் ஏற்கும், அதே விரல்தான்.

நான் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். தொடாமல் கையசைத்தே போனை எடுக்கிற மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்தால் என்ன என்று தோன்றியது. ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அது போன வருஷப் புளி சீசன். இந்த வருஷப் புளியும் முடியப் போகிறது.

கையசைவால் கணினியை இயக்குவது புது யோசனை ஒன்றும் இல்லை. 1980லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் போல்ட் என்பவர், நாற்காலியில் உட்கார்ந்தபடி சுவர் அளவுத் திரையைக் கைகாட்டி 'அதை அங்கே வை' என்று வாயால் சொன்னால் அப்படியே நடக்கிற ஒன்றைச் செய்து காட்டினார். (அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.) ஆளின் அசைவைப் பார்த்தே வீடியோ கேம் ஆட வைக்கும் கேமராவான மைக்ரோசாஃப்ட் கினெக்ட் 2010ல் வந்தபோது நான் மாணவன். நண்பன் வீட்டில் அதன் முன்னால் நின்று குதித்த ஆனந்தம் இன்னும் இருக்கிறது. அந்த ஞாபகத்தில் முதலில் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய கினெக்ட் ஒன்றை வாங்கி வந்தேன். காசு வீண். அதற்கு ஆள் முழுசாகத் தெரிய வேண்டும், தள்ளி நிற்க வேண்டும். எங்கள் திண்ணையின் அகலம் ஒன்றரை மீட்டர்கூடத் தேறாது. உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்று இடுப்புக்கு மேலே 10 மூட்டுகளை மட்டும் பார்க்கிற ஒரு முறையை 2012ல் சேர்த்தார்கள்தான், ஆனால் தரையில் கால் நீட்டி மடியில் முறத்தோடு உட்காருகிற ஒருத்தரை அவர்கள் யாரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

2019ல் வந்த கூகுளின் பிக்சல் 4 போனில் கையசைவைப் பார்க்கக் குட்டி ரேடாரே வைத்திருந்தார்கள். அது பயன்படுத்திய 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததால் அந்தப் போன் இந்தியாவுக்கே வரவில்லை. சரி, நமக்குக் கொடுத்து வைத்தது சாதாரண வெப்கேம்தான். நல்லவேளையாக அதே 2019ல் கூகுள் தன் மீடியாபைப் மென்பொருளில் கையைக் கண்டுபிடிக்கும் வசதியைக் கொடுத்திருந்தது. படத்தில் உள்ளங்கை எங்கே என்று முதலில் தேடும், அப்புறம் மணிக்கட்டு முதல் விரல் நுனிகள் வரை 21 புள்ளிகள் குறித்துக் கொடுக்கும். எல்லாம் நம் லேப்டாப்பிலேயே நடக்கும், படம் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. மிச்சம் நம் பாடு.

ஐந்து சைகை வைத்தேன். கையை ஆட்டினால் போனை எடுக்கும். உள்ளங்கையைக் காட்டி ஒரு வினாடி அப்படியே பிடித்தால் வைத்துவிடும். சத்தம் கூட்ட, குறைக்க, படம் பெரிதாக்க என்று இன்னும் மூன்று. மூன்று நாள் நானே ஆட்டி ஆட்டிப் பார்த்தேன், ஒரு பிசகு இல்லை. எனக்கு வயசு முப்பத்தொன்று, என் தோள்பட்டையில் ஒரு குறையும் இல்லை, அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

முதல் நாள். லேப்டாப்பைத் திண்ணை மாடத்தில் வைத்து ஆயாவை முன்னால் உட்கார வைத்தேன். ஸ்கிரீனில் தன் முகத்தைப் பார்த்ததும் அவர் செய்த முதல் சைகை, புளிக்கை படாமல் மணிக்கட்டால் தலைமுடியை ஒதுக்கியதுதான். கணினி அதைக் கையாட்டல் என்று எடுத்துக்கொண்டது. வராத போனை எடுக்கப் போய்த் திணறியது.

அப்புறம் "கையைத் தூக்கி ஆட்டு ஆயா" என்றேன். கை தோள் வரைகூட வரவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் ஏதோ அசைத்தார்.

தர்மபுரிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃப்ளோரைடுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இங்கே எத்தனையோ கிணறும் போரும் அதைத் தாண்டியவை. சின்ன வயசில் குடித்தால் பல்லில் பழுப்புக் கோடு விழும், அதை வைத்தே வெளியூரில் நம்மை அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பில் ஏறும். கழுத்து திரும்பாது, முதுகு வளையாது, மூட்டு இறுகிக்கொள்ளும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல் வந்தது. அதற்குள் ஆயாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, அறுபது வருஷம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடித்தாயிற்று. ஏறினது இனி இறங்காது. முதியவர்களுக்கான வடிவமைப்பு என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் வயசை ஒரு எண்ணாகப் பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் தோள்பட்டை எவ்வளவு உயரும் என்பதற்கு வயசைப் பார்த்தால் போதாது, எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

தோள் நன்றாக இருப்பவர்களுக்கும் இது கஷ்டம்தான். எதையும் பிடிக்காமல் கையை அந்தரத்தில் நீட்டி ஒரு நிமிஷம் வைத்திருந்து பாருங்கள், தெரியும். இந்தத் துறையில் இதற்குக் 'கொரில்லா கை' என்றே பேர் வைத்திருக்கிறார்கள்.

ஆட்டுவதை நிறுத்திவிட்டு ஆயா கேட்டதுதான் எனக்கு அடி. "ஏன் கண்ணு, கூப்புடறவங்களப் பாத்து வேணாம் வேணாம்னு எதுக்குக் கையாட்டச் சொல்ற?"

ஆமாம்தானே. நம் ஊரில் உள்ளங்கையை முன்னால் காட்டிப் பக்கவாட்டில் ஆட்டினால் வேண்டாம், போதும், சாம்பார் ஊற்றாதே. 'வா' என்பதற்கு உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து விரல்களை உள்பக்கமாக மடக்குவோம். கினெக்டில் கையாட்டல் 'இதோ வந்துவிட்டேன்' என்பதற்கு. எங்கோ இருக்கும் ஒருவரின் பழக்கத்தை நான் 'இயல்பான சைகை' என்று நம்பி அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். 2010லேயே வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் நார்மன், இயல்பான இடைமுகம் என்று சொல்லப்படுவது எதுவும் இயல்பானது இல்லை என்று தலைப்பிலேயே அடித்து எழுதியிருந்தார். நானும் படித்திருக்கிறேன். படித்தது ஆயா வாயால் வரும்போதுதான் உறைத்தது.

சரி என்று எடுப்பதற்கு 'வா' சைகையையே வைத்துப் பார்த்தேன். கேமராவுக்குப் புறங்கைதான் தெரிகிறது, மடங்கும் விரல்கள் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன, புள்ளிகள் கண்டபடி துள்ளின. கும்பிடு வைக்கலாமா என்றால் இரண்டு கையும் ஒட்டியதும் என் கேமராவுக்குக் கையே காணாமல் போனது. வருகிற போனை ஆள் வைத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே ஒரு வாரம் ஓடியது.

அந்த வாரத்தில்தான் தலைப்பில் சொன்னது நடந்தது. அக்கா குழந்தைக்கு முதல் பிறந்தநாள். துபாயிலிருந்து குழந்தையைப் பட்டுப்பாவாடை கட்டி ஸ்கிரீன் முன்னால் கொண்டுவந்து, "பாட்டி கால்ல விழுந்துக்கோ" என்று தரையில் குப்புறப் படுக்க வைத்தாள். ஆயா கண்ணெல்லாம் தண்ணீராகி, மடக்கிய முழங்கையை மெல்ல விரித்து, உள்ளங்கையைக் காட்டி, "நல்லா இரு தாயி" என்றார். ஒரு வினாடி. கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டார்கள், திரும்ப விழ வைத்தார்கள், திரும்ப ஆசீர்வாதம், திரும்பக் கட். மூன்றாவது தடவை அக்கா என்னைத் திட்ட ஆரம்பித்ததும் நான் புரோகிராமையே நிறுத்தினேன்.

அன்று ராத்திரி அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். சைகையை எப்படிச் சரியாகக் கண்டுபிடிப்பது என்பதிலேயே எல்லா உழைப்பையும் கொட்டியிருந்தேன். எப்போது கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை. ஆயா கையில்லாமல் பேசவே மாட்டார். பக்கத்து வீட்டு அத்தையோடு மருமகள் கதை பேசும்போது அந்தக் கை போடாத சைகை இல்லை: இவ்வளவு உயரம், இத்தனை படி, போய்த் தொலையட்டும், ஐயோ, கடவுளே. அத்தனையும் மனிதர்களுக்காகப் போடுகிற சைகை, நடுவில் ஒரு மெஷின் உட்கார்ந்து ஒட்டுக் கேட்டுக்கொண்டு, தனக்குச் சொன்னதாக நினைத்துக்கொள்கிறது. தொட்டதெல்லாம் தங்கமான மைதாஸ் ராஜா கதையை வைத்து இதற்கு ஒரு பேர் உண்டு, கண்பார்வையால் கணினியை இயக்கிப் பார்த்தவர்கள் முதலில் பட்ட பாடு இது. பார்த்ததெல்லாம் திறந்துகொண்டது, வெறுமனே பார்க்க வழியில்லை.

எதிர்வீட்டுத் தாத்தாவுக்குக் கை நடுங்கும். அவரையும் உட்கார வைத்துப் பார்த்தேன். படத்தின் மேல் கையை அசையாமல் பிடித்தால் வட்டம் நிரம்பித் தேர்வாகிவிடும் என்கிற பழைய கினெக்ட் முறைதான். பாவம், வட்டம் பாதி நிரம்பும், கை விலகும், மறுபடி முதலிலிருந்து. இந்த வகை நடுக்கம் சும்மா மடியில் கை கிடக்கும்போது அவ்வளவாகத் தெரியாது, ஒன்றை நீட்டிப் பிடிக்கும்போதுதான் கிளம்பும். அவரால் முடியாத அந்த ஒரு காரியத்தைத்தான் என் புரோகிராம் கேட்டது. வினாடிக்கு 4 முதல் 12 தடவை வரும் ஆட்டம் அது, மனசால் அசைக்கும் அசைவு அதைவிட ரொம்ப மெதுவானது, அதனால் இரண்டையும் பிரிக்க முடியும். 2012ல் வந்த 'ஒன் யூரோ ஃபில்டர்' என்று ஒன்று இருக்கிறது. கை மெல்ல நகரும்போது நடுக்கத்தை நன்றாக அமுக்கும், வேகமாக நகர்ந்தால் பிடியைத் தளர்த்திக் கூடவே ஓடும். சில வரிதான், அதைப் போட்டதும் கர்சர் அடங்கியது. ஆனால் ஃபில்டர் செய்ததைவிட, தாத்தா தானாகவே முழங்கையைத் தூணில் முட்டுக்கொடுத்து வைத்ததும் நடந்த மாற்றம் பெரிசு. கைக்கு அண்டக் கொடுக்க ஒன்று வேண்டும். அவ்வளவுதான்.

அதே தெருவில் ஒரு காலத்தில் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டிய பெரியவர் இருக்கிறார். அவர் கையை வீசினால் கணினி ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஆனால் ஒவ்வொரு சைகைக்கும் பின்னால் கூத்தில் போடும் சுழற்சியான கிறுக்கி ஒன்று சுற்றி முடித்தால்தான் அவருக்குத் திருப்தி, அந்தச் சுற்றலில் சத்தம் ஏறி இறங்கி ஏறியது. அது வேறு கதை.

அப்புறம் விரல். 'விரித்த கை' என்றால் நேராக நீட்டிய ஐந்து விரல் என்று நான் எழுதி வைத்திருந்தேன். ஆயாவின் நடுவிரலும் மோதிரவிரலும் நேராவதே இல்லை. அதனால் எண்களை எல்லாம் தூக்கிவிட்டு, "உன்னால முடிஞ்ச வரைக்கும் விரி, முடிஞ்ச வரைக்கும் மூடு" என்று இரண்டு தடவை செய்ய வைத்து, அந்த இடைவெளியையே அவருடைய அளவுகோலாக வைத்தேன். அதையும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எடுக்க வேண்டியிருந்தது. காலையில் மூட்டு இறுகி இருக்கும், களி கிண்டி முடித்த பிறகு கொஞ்சம் இளகும். திண்ணை விளக்கையும் மாற்றினேன். மங்கல் வெளிச்சத்தில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது, அசையும் கை இழுபட்டுப் புகை மாதிரி பதிகிறது. இது கணினிப் பிரச்சினை என்று இரண்டு நாள் குடைந்தேன், எலெக்ட்ரிக் கடைப் பிரச்சினை.

கடைசியில் இப்போது இருப்பது இதுதான். ஒரு பழைய வெப்கேமை உத்தரத்தில் கட்டிக் கீழே பார்க்க வைத்தேன். ஆயாவின் வலப்பக்கம், புளிமுறத்துக்குப் பக்கத்தில், ஒரு மணை. போன் அடிக்கும்போது மட்டும் மேலே இருக்கும் கேமரா கண் திறக்கும். அப்போது மணை மேல் கையை வைத்து ஒரு நொடி விட்டால் ஸ்கிரீனில் அழைப்பு எடுக்கப்படும். கை விரிந்திருக்கலாம், மூடியிருக்கலாம், புளி ஒட்டியிருக்கலாம். தோளைத் தூக்க வேண்டாம், நடுங்கும் கைக்கு மணையே தாங்கல். மணி நின்றதும் கேமரா மறுபடி குருடு. பேசும்போது ஆயா எத்தனை ஆசீர்வாதம் வேண்டுமானாலும் பண்ணலாம். வைப்பதற்குச் சைகையே இல்லை, அந்தப் பக்கம் இருப்பவர்கள் வைக்கட்டும். ஐந்தில் ஆரம்பித்து ஒன்றில் வந்து நிற்கிறேன். 1980லேயே எம்.ஐ.டி.யில் அந்த மனிதரை உட்கார வைத்துத்தானே ஆரம்பித்தார்கள்.

மாமா பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு சுவிட்சு வெச்சா முடிஞ்சிது, ஒரு வருஷமாடா?" என்றார். நியாயமான கேள்வி. சுவிட்சும் வைத்துப் பார்த்தேன், ஒரே வாரத்தில் புளி இறங்கி அமுங்கியபடி நின்றுவிட்டது. குரலில் சொன்னால் போதாதா என்பார்கள், தட்டுகிற சத்தம் ஒரு பக்கம், ஆயாவின் தமிழில் பாதி தெலுங்கு ஒரு பக்கம். மணி அடித்தால் தானாகவே எடுக்கும்படி வைத்துவிடலாமே என்று நானே கேட்டேன். ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் எப்படி உக்காந்திருக்கேனோ என்னமோ, அது பாட்டுக்குத் தொறந்துக்கறதா? நான் சொன்னாத்தான் தொறக்கணும்." இதற்கு மேல் பேச எனக்கு வாயில்லை.

ஒன்று மட்டும் என்னால் ஆகவில்லை. அவருக்கு வலது தோள்தான் ரொம்ப மோசம், இடது கொஞ்சம் பரவாயில்லை. மணையை இடப்பக்கம் மாற்றினால் இன்னும் சுலபம் என்று மாற்றியும் வைத்தேன். மறுநாள் வந்து பார்த்தால் மணை வலப்பக்கம் இருக்கிறது. பிள்ளை அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிடுகிறது, இடது கையால் வாங்குவதா என்கிறார். கினெக்டில் இடது கையைப் பக்கவாட்டில் சாய்த்து நீட்டினால்தான் மெனு வரும். அதை ஆயாவிடம் சொல்லவில்லை.

கேமரா போன் அடிக்கும்போது மட்டும்தான் பார்க்கும், படம் வீட்டைத் தாண்டிப் போகாது, பார்க்கும்போது சின்ன விளக்கு எரியும் என்றெல்லாம் பத்து தடவை விளக்கிவிட்டேன். தலையை ஆட்டுவார். போன ஞாயிறு அக்கா எனக்குக் கூப்பிட்டு, காலையிலிருந்து நாலு தடவை அடித்தும் ஆயா எடுக்கவில்லை என்றாள். பதறிப்போய் வந்து பார்த்தால் ஆயா பாட்டுக்குப் புளி தட்டிக்கொண்டிருக்கிறார். மணை இடத்தில் இருக்கிறது, லைட் எரிகிறது, லேப்டாப் ஓடுகிறது. மேலே பார்த்தேன். உத்தரத்துக் கேமரா மேல், எங்கள் தாத்தாவின் பழைய துண்டு ஒன்றைத் தொரட்டியால் தூக்கிச் சுற்றிப் போட்டிருக்கிறார்.

"குளிச்சிட்டு சீலை மாத்தினேன் கண்ணு. அப்புறம் எடுக்க எட்டல."